மூன்று விரல் உயரம்

ஏப்ரல் ஒன்பது: மேகம்.
பத்து: மேகம், இடியோடு.
பதினொன்று: மேகம்.
பன்னிரண்டு: பார்க்கவே இல்லை, ஓவர்டைம்.
பதின்மூன்று: கால்மணி நேரம் திறந்து மூடியது.
இப்படித்தான் நிறைகிறது என் குறிப்பேடு.
பினாங்கில் வானம் பார்ப்பவள்
முக்கால்வாசி நாள் மேகம் பார்ப்பவள்.

பகலெல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
தலைமுதல் கால்வரை வெள்ளை உறைக்குள்
நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறேன்.
வேஃபர் தகட்டில் ஒரு புள்ளி மின்னினால்
அது குற்றம். சிவப்புச் சீட்டு, தனிப் பெட்டி.
பதினோரு வருடமாக
புள்ளி இல்லாத இருட்டைத் தேடத்தான் சம்பளம்.
இரவில் அதே கண்ணை
எட்டு அங்குலக் கண்ணாடியிடம் கொடுத்து
புள்ளி தா, புள்ளி தா என்று கெஞ்சுகிறேன்.

கண்ணாடி என்றால் சும்மா இல்லை.
இந்த ஈரக் காற்றில் அதற்கும் பூஞ்சை பிடிக்கும்.
சிலிக்கா பைகளை அணைத்தபடி
அலமாரியில் என் சேலைகளின் இடத்தில் படுத்திருக்கிறது.

பதினாறாம் தேதி
ஆறு மணிக்குக் கொட்டித் தீர்த்தது மழை.
பத்துக்கெல்லாம் தஞ்சோங் பூங்காவுக்கு மேல்
அலசிக் கவிழ்த்த பாத்திரம்போல வானம்.
சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் குழாயை ஏற்றி
அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின்
கூரையில்லாத ஏழாம் தளத்துக்கு உருட்டிப் போனேன்.
கடகத்தில், பூசத்தை ஒட்டி, அந்தக் கொத்து.
வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லை.
குழாய்க்குள், கறுப்புத் துணியில் சிந்திய உப்பு.

ஹிக்மத் டார்ச்சோடு வந்தான்.
மேல்தளத்தில் யாரோ பீரங்கி வைத்திருப்பதாக
பத்தாம் மாடியிலிருந்து புகாராம்.
பீரங்கிக்குள் பார்த்தான்.
“கெச்சில் சாஜா, காக்.”
ஆமாம், சின்னதுதான்.

பிறகு அவன் கேட்டது வேறு.
ஊரில் மாட்டுக்கொட்டில் வாசலில் நின்றால்
எதிர்மலைக்கு மேலே துருவ தாரா.
இங்கே நாலு வருடமாக
அதே உயரத்தில் தேடுகிறானாம்.
“இந்த நாட்டில் வடக்கு இல்லையா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
முழங்கை மடங்காமல் கையை நீட்டச் சொன்னேன்.
மலைகளை எடுத்துவிட்டால்
உன் ஊரில் அது தரையிலிருந்து
ஒரு சாணும் நாலு விரலும்.
இங்கே மூன்று விரல், அவ்வளவுதான்.
நீ தெற்கே வர வர
அது இறங்கிக்கொண்டே வந்தது.
நீ விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

மணி பதினொன்று.
சப்தரிஷிகள் தலைகீழாகத் தொங்கினார்கள்.
முன்னால் நின்ற இருவரும்
நேர்கீழே கடலைக் காட்டினார்கள்.
கடலில்தான் எத்தனை விளக்கு!
கணவாய்ப் படகுகளின் பச்சை,
நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள் மூன்று,
கெடா பக்கமாக எதுவோ மினுக்கிக்கொண்டிருந்தது.
இதில் எது என்றான்.
அசையாமல் இருப்பது என்றேன்.
நங்கூரக் கப்பலும் அசையவில்லையே என்றான்.
நியாயம்தான்.

காத்திருந்தோம். கொசு கடித்தது.
நீரோட்டம் மாறியதும்
கப்பல்கள் ஒவ்வொன்றாக மூக்கைத் திருப்பின.
ஒன்று மட்டும் திரும்பவில்லை.
நட்சத்திரம் என்றால் நம்ப முடியாத மங்கல்,
புழுக்கத்தில் ஊசிமுனை.
ஹிக்மத் மூன்று விரலை அதன் கீழே வைத்தான்.
ஓர விரலில் கடல் முட்டியது.
கையை எடுக்காமல் நின்றான்.
நான் எதுவும் சொல்லவில்லை.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது.
கீழே எவரோ ஹாரனை விடாமல் அழுத்துகிறார்,
தடுப்புக் கட்டையைத் தூக்க ஆளில்லை.
டார்ச்சை மறந்துவிட்டு ஓடினான்.

பதினாறு: தெளிவு. கொத்தில் முப்பத்தெட்டுவரை எண்ணினேன், பாதியில் நிறுத்தம்.
துருவம்: மூன்று விரல். பார்த்தவர் இருவர்.

பதினேழு: மேகம்.
வேலைக்குக் கிளம்பும்போது டார்ச்சைக் கொடுக்கப் போனேன்.
காவல் கூண்டின் பிளாஸ்டிக் நாற்காலி
வாசலுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது.